மறைவெப்பமும் சூறாவளியும்: வடமராட்சியை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியாகிய வடமராட்சியில், பருத்தித்துறைக் கடலுக்கும் கடனீரேரிக்கும் இடைப்பட்ட சந்தைப் பட்டினம் நெல்லியடி. கரவெட்டி, துன்னாலை, அல்வாய், உடுப்பிட்டி முதலிய அயற்கிராமங்களின் வெங்காயமும் மரக்கறியும் புகையிலையும் ஒரு புறமிருந்தும், வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறைக் கரைகளின் மீன் மறுபுறமிருந்தும் வந்து சேரும் இடமாகையால், தோட்டக்காரரின் வாழ்வும் கடற்றொழிலாளரின் வாழ்வும் இங்கு ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இவ்விரு சாராரும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்தை ஒரே கண்ணோடு நோக்குவதில்லை. கிணறு ஊறுவதற்குரிய மழைக்காலம் அது என்பது தோட்டக்காரர் கணக்கு. கடல் அடைபட்டுக் கிடக்கும் புயற்காலம் அது என்பது கடற்றொழிலாளர் கணக்கு. முன்னையது கொடை எனவும் பின்னையது கேடு எனவும் இரு வேறு பொருள்களாகவே பொதுவழக்கிற் பேசப்படுகின்றன.

அவ்விரண்டும் ஒரே பௌதிக நிகழ்வின் இரு முகங்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நீராவி நீராக ஒடுங்கும்போது வெளிப்படும் வெப்பமே அயனமண்டலச் சூறாவளியை இயக்குகின்றது. எனவே மழையைச் சூறாவளியின் உடனிகழ்ச்சி என்று கருதுவது பொருந்தாது. அதன் இயக்கத்தின் உட்கூறு மழையேயாகும். இவ்வுண்மை பௌதிக மாணவருக்குப் புதிதன்று. ஆயின், சூறாவளியைக் காற்றின் வேகத்தினால் மட்டும் அளந்து, அதன்படியே எச்சரிக்கையும் நிவாரணமும் அமைத்துக்கொள்ளும் சமுதாயத்தில் இவ்வுண்மை மறக்கப்படும்போது உயிர்கள் பலியாகின்றன. இலக்கியத்தையும் சமூகவியலையும் துறையாகக் கொண்ட நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

1. சுழற்சி பற்றிய பழைய அறிவு

கடல் நீர் முகிலாகி, மழையாகி, மீண்டும் கடலை அடைகின்றது என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். பட்டினப்பாலை ஆசிரியர் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றப்பட்டும் இறக்கப்பட்டும் அளவிறந்து குவியும் பண்டங்களுக்கு இந்நீர்ச் சுழற்சியை உவமையாக்குகின்றார். வணிகம் வளர்ந்த ஒரு பட்டினத்திலே நின்று நோக்கிய புலவருக்கு, பண்டங்களின் சுற்றோட்டமும் நீரின் சுற்றோட்டமும் ஒன்றையொன்று நினைவூட்டியமை தற்செயலானதன்று. வாழ்நிலை உவமையைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு.

எனினும், இவ்வுவமை ஓர் எல்லையிலே நின்றுவிடுகின்றது. எது எங்கே செல்கின்றது என்பதை அது காட்டுகின்றது. செல்லும் பொருளினுள் அடங்கியிருப்பது யாது என்பதை அது கேட்கவில்லை. சந்தையிலே கைமாறும் பண்டத்தை மட்டும் நோக்குபவனுக்கு அதனுள் உறைந்துள்ள உழைப்புப் புலப்படாதவாறே, முகிலாகச் செல்லும் நீரை மட்டும் நோக்குபவனுக்கு அதனுள் மறைந்துள்ள வெப்பம் புலப்படுவதில்லை. ஒப்புமை நிரூபணமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும், கண்ணுக்குத் தோன்றும் ஓட்டத்தின் பின்னால் தோன்றாத ஓர் அளவு உண்டு என்ற எண்ணம் இரு துறைகளிலும் ஒரே நூற்றாண்டில், ஒரே நாட்டில் உருப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. மறைவெப்பம் என்னும் கருத்து

அந்நாடு ஸ்கொத்லாந்து, அந்நூற்றாண்டு பதினெட்டாம் நூற்றாண்டு. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய யோசப் பிளாக், 1760களின் தொடக்கத்தில், கொதிக்கும் நீருக்கு எவ்வளவு வெப்பத்தைத் தொடர்ந்து ஊட்டினும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை என்னும் அன்றாட அனுபவத்தை அளவிட்டு ஆராய்ந்தார். ஊட்டப்பட்ட வெப்பம் வெப்பமானியிற் காட்டப்படாது ஆவியினுள்ளே மறைந்துவிடுகின்றது. ஆவி மீண்டும் நீராகும்போது அம்முழு வெப்பமும் வெளிப்படுகின்றது. இதுவே மறைவெப்பம். அடுப்பு எரியும் சமையலறை தோறும் இந்நிகழ்வு இருந்தது. ஆயினும் அது கேள்வியாக மாறுவதற்கு வடிசாலைகளும் நீராவி இயந்திரங்களும் பெருகிய ஒரு பொருளாதாரம் வேண்டியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் திருத்துபவராக இருந்த ஜேம்ஸ் வாட், 1765 இல் தனி ஒடுக்கியைச் சிந்தித்து, 1769 இல் அதற்கு உரிமப்பத்திரம் பெற்றார். ஆவியை எங்கே ஒடுக்குவது என்ற கைத்தொழிற் சிக்கலும், ஆவியினுள் எவ்வளவு வெப்பம் உள்ளது என்ற பௌதிகச் சிக்கலும் ஒருங்கே எழுந்தன.

அளவுகளை நோக்குவோம். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியசினால் வெப்பமாக்குவதற்கு ஏறத்தாழ 4,200 யூல் சக்தி போதும். அதே நீரை முற்றாக ஆவியாக்குவதற்கோ ஏறத்தாழ 25 இலட்சம் யூல் வேண்டும். 30 பாகையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதற்குச் செல்லும் வெப்பத்தைப் போல எட்டு மடங்கு இதுவாகும். நீர் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டும் என்பதில்லை. 28 பாகையிலுள்ள கடற்பரப்பிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகின்றது. ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் கடலின் வெப்பத்தில் ஒரு பங்கைத் தன்னுள் அடக்கிக்கொண்டு செல்கின்றது. அவ்வெப்பம் ஞாயிற்றின் கதிரிலிருந்து கடல் பெற்றுச் சேமித்தது. ஆகவே மூலம் ஞாயிறு, களஞ்சியம் கடல், கொண்டுசெல்லும் ஊர்தி நீராவி எனலாம்.

வளியைப் பொறுத்தவரை ஒரு கிலோகிராம் வளியை ஒரு பாகையினால் வெப்பமாக்குவதற்கு ஏறத்தாழ 1,000 யூலே போதும். எனவே ஒரு கிலோகிராம் வளியிலுள்ள நீராவியில் ஒரே ஒரு கிராம் ஒடுங்கினாலும், அவ்வளியை இரண்டரைப் பாகையினால் வெப்பமாக்கத்தக்க வெப்பம் வெளிப்படுகின்றது. கார்த்திகை மாதத்து வங்கக் கடலின்மேலுள்ள வளியின் ஒவ்வொரு கிலோகிராமிலும் 18 முதல் 20 கிராம் வரை நீராவி இருப்பது இயல்பு. அதன் ஆற்றல் எத்தகையது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

3. முகிலினுள்ளே நிகழ்வது

மேலெழும் வளி, மேலே அமுக்கம் குறைவதனால் விரிவடைகின்றது, விரிவடைவதனாற் குளிர்கின்றது. வரண்ட வளியாயின் ஒவ்வொரு கிலோமீற்றர் ஏறும்போதும் ஏறத்தாழ 10 பாகை குளிரும். அவ்வாறு குளிரும் வளி விரைவிலே தன்னைச் சூழ்ந்த வளியினும் பாரமாகிவிடுவதால் அதன் ஏற்றம் தடைப்படும். ஈரவளியின் நிலை வேறு. 28 பாகையில் ஒரு கன மீற்றர் வெளியில் 27 கிராம் வரை நீராவி தங்க முடியும். 0 பாகையில் 5 கிராம் அளவே தங்க முடியும். ஆகவே ஏறிக் குளிரும் ஈரவளி, தான் சுமந்த ஆவியை நீர்த்துளிகளாக ஒடுக்க வேண்டியதாகின்றது. ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிப்பட்டுக் குளிர்ச்சியின் ஒரு பகுதியை ஈடுசெய்கின்றது. இதனால் நிரம்பிய ஈரவளி கீழ்மட்டங்களில் கிலோமீற்றருக்கு 4 முதல் 6 பாகை வரையே குளிர்கின்றது. சூழ்ந்துள்ள வளியினும் சற்று வெப்பமாக, எனவே இலேசாக இருந்துகொண்டே 12, 15 கிலோமீற்றர் உயரம் வரை அது செல்லக்கூடும். குடாநாட்டு மக்கள் கிழக்கு வானிலே காணும் கோபுரம் போன்ற மழைமுகில்கள் இவ்வாறு எழுந்தவையே. 1958 இல் ஹேர்பேட் ரீல், ஜோன் மல்கஸ் என்னும் ஆய்வாளர் இருவர் அயனமண்டலத்து வெப்பத்தைக் கடற்பரப்பிலிருந்து மேல்வளிமண்டலத்திற்கு ஏற்றிச் செல்வன இத்தகைய முகில்களே என விளக்கி, அவற்றை வெப்பக் கோபுரங்கள் என அழைத்தனர்.

தனியொரு முகிலிலிருந்து சூறாவளி எவ்வாறு தோன்றுகின்றது? பல முகில்கள் ஓரிடத்திலே திரண்டு நாட்கணக்கில் ஒடுங்கலை நிகழ்த்தும்போது அப்பகுதியின் மேல்வளி படிப்படியாக வெப்பமாகின்றது. வெப்பமான வளி இலேசானது. எனவே அதன் கீழே கடற்பரப்பில் அமுக்கம் குறைகின்றது. வழமையாக 1,010 மில்லிபார் அளவிலுள்ள அமுக்கம் வலிய சூறாவளியின் மையத்தில் 950 மில்லிபாருக்கும் கீழே இறங்கக்கூடும். அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று விரைகின்றது. விரையும் காற்று கடற்பரப்பை உரசி முன்னிலும் மிகுதியாக நீரை ஆவியாக்குகின்றது. அவ்வாவி மையத்தையடைந்து மேலெழுந்து ஒடுங்கி மேலும் வெப்பத்தை வெளியிடுகின்றது. அமுக்கம் மேலும் குறைகின்றது. காற்று மேலும் வலுக்கின்றது. விளைவு தன் காரணத்தையே வளர்க்கும் இவ்வியக்கத்திலேயே சூறாவளியின் இரகசியம் அடங்கியுள்ளது. காற்று மழையைக் கொண்டுவருகின்றது என்பது எவ்வளவு உண்மையோ, மழை காற்றைப் பிறப்பிக்கின்றது என்பதும் அவ்வளவு உண்மை.

இவ்விளக்கம் ஒருநாளிற் பிறந்ததன்று. அமெரிக்கரான வில்லியம் றெட்பீல்ட் புயலிற் சாய்ந்த மரங்களின் திசையை ஆராய்ந்து, புயல் என்பது பெருஞ்சுழல் என 1831 இல் எழுதினார். ஜேம்ஸ் எஸ்பி என்பவரோ 1841 இல் வெளியிட்ட நூலில், புயலை இயக்குவது ஒடுங்கலின் வெப்பமே என வாதிட்டு, காற்று மையத்தை நோக்கி நேராகவே பாய்கின்றது எனக் கொண்டார். முன்னவர் இயக்கத்தின் வடிவத்தைச் சரியாகக் கண்டார். பின்னவர் அதன் காரணத்தைச் சரியாகக் கண்டார். இவ்விரு சாராரிடையே நிகழ்ந்த நீண்ட விவாதத்தில் இரு பக்கமும் பாதி உண்மையையே பற்றி நின்றது.

சைக்கிளோன் என்ற ஆங்கிலச் சொல் நமது வங்கக் கடற் கரையிலேயே பிறந்தது. கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன், சுருண்ட பாம்பை நினைவுறுத்தும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 1848 இல் அதனை ஆக்கினார். அவர் நூல் மாலுமிகளுக்காக எழுதப்பட்டது. கும்பனியின் கப்பற் போக்குவரத்து அவ்வறிவை வேண்டி நின்றது. கல்கத்தாவைத் தாக்கிய 1864 ஆம் ஆண்டுப் புயலும் அதனைத் தொடர்ந்து 1866 இலும் 1871 இலும் மழை பொய்த்தமையும் 1875 இல் இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் நிறுவப்படுவதற்குக் காரணமாயின.

இருபதாம் நூற்றாண்டில், 1964 இல், சார்னியும் எலியாசனும் ஒருபுறமும் ஊயாமா மறுபுறமும் முகிற் கூட்டத்தின் வெப்பமும் பெருஞ்சுழலும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் கணித முறையில் எடுத்துரைத்தனர். 1986 இல் கெரி இமானுவல், சூறாவளியை ஒரு வெப்ப இயந்திரமாகக் கொண்டு, கடலிலிருந்து தொடர்ந்து ஆவி வழங்கப்படுவதே தீர்மானகரமானது என வற்புறுத்தினார். ஒடுங்கலிலே வெப்பம் வெளிப்படுகின்றது; ஆனால் அது சேமிக்கப்படுவது ஆவியாதலில். மேல்வளிமண்டலத்தின் கடுங்குளிர் இவ்வியந்திரத்தின் மறுமுனை. கொதிகலமும் ஒடுக்கியும் வாட்டின் இயந்திரத்திற்கு எவையோ, வெப்பக் கடலும் குளிர்ந்த மேல்வளியும் சூறாவளிக்கு அவையே.

4. அளவு பண்பாக மாறுவதற்கு வேண்டிய நிபந்தனைகள்

நீர் கொதித்து ஆவியாதல், அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு எங்கெல்சு முதலியோர் எடுத்தாண்ட உதாரணமாகும். அது பலராலும் வாய்பாடாகத் திருப்பிக் கூறப்படுவதனாற் பொருளிழந்துபோயிற்று. உரிய நிபந்தனைகளின்றி எந்த அளவும் பண்பாக மாறுவதில்லை என்பதைச் சூறாவளி நன்கு உணர்த்துகின்றது. அயனமண்டலக் கடல்களின்மேல் எந்நாளும் எண்ணற்ற மழைமுகில்கள் எழுகின்றன; உலகம் முழுவதிலும் ஓராண்டிற் பெயர் பெறும் சூறாவளிகளோ எண்பது தொண்ணூறு அளவிலேயே உள்ளன.

கடற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகைக்கு மேல் இருத்தல் முதல் நிபந்தனை. மேற்பரப்பு மட்டுமன்றி ஐம்பது மீற்றர் ஆழம் வரை நீர் வெப்பமாயிருத்தல் வேண்டும். இல்லையேல் காற்று கடலைக் கலக்கியவுடன் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வந்து எரிபொருளைத் துண்டித்துவிடும். இடைவளி ஈரமாயிருத்தல் இரண்டாவது. கீழ்வளியும் மேல்வளியும் பெரிதும் வேறுபட்ட வேகத்திலும் திசையிலும் வீசாதிருத்தல் மூன்றாவது. அவ்வாறு வீசின் திரண்ட வெப்பம் மையத்தினின்றும் பிரித்தெடுக்கப்பட்டுச் சிதறிவிடும். பூமியின் சுழற்சியினாலுண்டாகும் திருப்பும் விளைவு போதியதாயிருத்தல் நான்காவது. மத்திய கோட்டிற்கு மிக அண்மையில் அவ்விளைவு இல்லாமையால் காற்று சுழலாது நேரே புகுந்து பள்ளத்தை நிரப்பிவிடும். இவை யாவும் பொருந்திய இடத்தில், முன்னரே தோன்றிய ஒரு குழப்பம் வித்தாக அமைதலும் வேண்டும்.

வங்கக் கடலில் இந்நிபந்தனைகள் ஆண்டில் இருமுறை கூடுகின்றன. சித்திரை, வைகாசியில் ஒருமுறையும் ஐப்பசி முதல் மார்கழி வரை மறுமுறையும் அவை பொருந்துகின்றன. இடைப்பட்ட சோளகக் காலத்தில் கடல் வெப்பமாயிருப்பினும், மேல்வளியும் கீழ்வளியும் எதிர்த்திசைகளில் வலுவாக வீசுவதால் பெருஞ்சூறாவளிகள் அரிது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, கோதாவரி ஆகிய பேராறுகள் கொட்டும் நன்னீர் இக்கடலின் மேற்படையாகப் பரந்து, அடியிலுள்ள நீருடன் இலகுவிற் கலவாதிருத்தல் இக்கடலுக்குரிய சிறப்பியல்பு. குளிர்நீர் மேலெழுவதை அஃது ஓரளவு தடுக்கின்றது.

வடகோளத்திலே சூறாவளிக் காற்று மணிக்கூட்டு முள்ளின் எதிர்த்திசையிற் சுழல்கின்றது. இதனை நெல்லியடியில் நிற்பவர் தம் காற்றுப் பெயர்களைக் கொண்டே அறியலாம். மேற்கு நோக்கி நகரும் சூறாவளி நெருங்குகையில் வாடை வலுக்கும். அவ்வாடை கிழக்கே திரும்பிக் கொண்டலாக மாறுமாயின் மையம் எமக்குத் தெற்கே செல்கின்றது; மேற்கே திரும்பிக் கச்சானாக மாறுமாயின் மையம் எமக்கு வடக்கே செல்கின்றது. மையம் எமது தலைக்கு மேலேயே வருமாயின், சிறிது நேரம் காற்றோய்ந்து, பின்னர் எதிர்த்திசையிலிருந்து முழு வலுவுடன் வீசும். அவ்வோய்வைப் புயலின் முடிவெனக் கருதி வெளியே வருதல் ஆபத்தானது.

5. ஒரு கணக்கு

இதுவரை கூறியவற்றை எமது நிலப்பரப்பிற்குப் பொருத்தி ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது எனக் கொள்வோம்; கார்த்திகையில் இஃது அரிய நிகழ்ச்சியன்று. அம்மழை நீரின் நிறை 10 கோடி தொன். அவ்வளவு நீராவி ஒடுங்கியபோது வானிலே வெளிப்பட்ட வெப்பம், மின்சக்திக் கணக்கிற் கூறின் ஏறத்தாழ 7,000 கோடி அலகுகள். இலங்கை முழுவதும் ஓராண்டிற் பிறப்பிக்கப்படும் மின்சாரம் அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 1,600 கோடி அலகுகளே. அதாவது, குடாநாட்டின்மேல் ஒருநாட் பெய்த பெருமழையின் பின்னால் நாட்டின் நான்காண்டு மின்சாரத்திற்கு நிகரான வெப்பம் இருந்தது.

முதிர்ந்த சூறாவளி ஒன்றினுள் ஒடுங்கலால் வெளிப்படும் வெப்பத்திற் காற்றின் இயக்கமாக மாறுவது ஏறத்தாழ நானூற்றில் ஒரு பங்கே என மதிப்பிடப்பட்டுள்ளது. எஞ்சியது வளியை மேலேற்றுவதிலும் அதன் குளிர்ச்சியை ஈடுசெய்வதிலும் செலவாகி, ஈற்றில் விண்வெளிக்குக் கதிராகச் சென்றுவிடுகின்றது. கூரையைப் பிடுங்கும் காற்று, பனையை முறிக்கும் காற்று, கடலைக் கரைமேல் ஏற்றும் காற்று ஆகிய அனைத்தும் அந்நானூற்றில் ஒன்றே. காற்றினாற் சூறாவளியை அளப்பவன் அதன் மிகச் சிறிய கூற்றையே அளக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

6. கரையேறிய பின்

நிலத்தை அடைந்ததும் சூறாவளி வலுவிழக்கின்றது. மரங்களும் கட்டடங்களும் காற்றைத் தடுப்பதனாலேயே அவ்வாறு நிகழ்கின்றது எனக் கருதுதல் இயல்பு. உராய்வுக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் ஆவி வழங்கும் கடல் துண்டிக்கப்படுதலே தலையாய காரணம். இயந்திரத்தின் எரிபொருள் நிறுத்தப்படுகின்றது. முன்னர் உட்கொண்ட ஈரமோ உடனே தீர்ந்துவிடுவதில்லை. சுழலின் ஒரு பகுதி இன்னும் கடல்மேல் இருக்குமாயின் அங்கிருந்து ஈரம் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். ஆகவே காற்றுத் தணிந்த பின்னும் மழை நீடிக்கக்கூடும்.

எமது கரைகளின் வரலாறு இருவகைக்கும் சான்று தருகின்றது. 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி, குறுகிய நிலப்பரப்பைத் தாண்டி மீண்டும் வெப்பக் கடலை அடைந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. கடல் எழுந்து பாம்பன் - தனுஷ்கோடிப் புகையிரதத்தை நூறுக்கு மேற்பட்ட பயணிகளுடன் கொண்டுசென்றது. அப்பட்டினம் வாழ்வதற்குரியதன்று எனப் பின்னர் அரசினால் அறிவிக்கப்பட்டது. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கின் தென்னந்தோட்டங்கள் பெரும்பகுதி சாய்ந்தன. இவை காற்றினாலும் கடலினாலும் நினைவுகூரப்படுவன.

அண்மைக்காலத்தவை வேறு வகையின. 2008 நவம்பரில் நிஷா, காற்றின் வலுவில் முன்னையவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயின் குடாநாட்டையும் வன்னியையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. போரினால் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்தோரே அதனை முதலில் எதிர்கொண்டனர். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி, மன்னார் வளைகுடாவை அடைந்து தேங்கி வலுவிழந்தபோதும் வடக்கிலும் தமிழகத்திலும் மழை ஓயவில்லை. 2024 நவம்பரின் இறுதியிற் புதுச்சேரியை அண்டிக் கரையேறிய பெங்கல், எமக்கு வடக்கே சென்றும் குடாநாட்டைப் பெருவெள்ளத்திற்கு உள்ளாக்கிற்று. 2025 நவம்பரின் இறுதியில் இலங்கையைக் கடந்த டித்வா, காற்று வலுவின்படி சாதாரண சூறாவளிகளுள் ஒன்றாகவே வகுக்கத்தக்கது. ஈரம் நிறைந்த அதன் வளி மலைநாட்டின் சரிவுகளில் ஏறி ஒடுங்கிற்று. மண்சரிவுகளும் வெள்ளமும் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றன. காற்றின் அளவுகோல் அங்கு எதனையும் முன்னுணர்த்தவில்லை.

7. இயற்கை நிகழ்வும் சமுதாய விளைவும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் படையினுள்ளே தங்கும் மழைநீரே கிணற்று நீர். அக்கிணற்று நீரே வெங்காயமும் மரக்கறியும் புகையிலையும். அந்நீரின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையினால் வருவது. வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்கள் பல சூறாவளியாக முதிராது மழையை மட்டும் தந்து மறைகின்றன. ஓராண்டிற் கிணற்றை நிரப்புவதும் மற்றோராண்டிற் குடிசையைச் சரிப்பதும் ஒடுங்கல் என்னும் ஒரே நிகழ்வுதான். மழை கெடுக்கவும் வல்லது, எடுக்கவும் வல்லது என்ற வள்ளுவரின் எண்ணம் வான்சிறப்பில் அறமாக நிற்கின்றது. அதன் பௌதிக அடிப்படையை இன்று நாம் அறிகின்றோம். இயற்கையிடம் கருணையுமில்லை, சினமுமில்லை.

கெடுப்பது யாரை, எடுப்பது யாரை என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. மேட்டு நிலத்தில் கல்வீடு கட்டியவருக்கு மழை கிணற்றை நிரப்பித் தருகின்றது. வடிகாலற்ற தாழ்நிலத்தில் ஓலைக்குடிசையில் ஒதுக்கப்பட்டவருக்கு அதே மழை வெள்ளமாகின்றது. குடாநாட்டில் யார் மேட்டில் வாழ்கின்றனர், யார் பள்ளத்தில் வாழ்கின்றனர் என்பது சாதியமைப்பும் நிலவுடைமையும் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்த பிரிவினை. மலைநாட்டிலே சரிவுகளின் லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளர் வாழ நேர்ந்தமையும் அவ்வாறு வகுக்கப்பட்டதே. கடன்பட்டு வாங்கிய இயந்திரத்தின் தவணையைக் கட்டவேண்டிய கடற்றொழிலாளி, எச்சரிக்கை கேட்டும் கடலிற் செல்லத் துணிவது அறியாமையினாலன்று.

இது மாற்றவியலாத விதி எனக் கொள்வோருக்கு வங்காளத்தின் அனுபவம் விடையாகும். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளியில் மூன்று இலட்சத்திற்குக் குறையாதோர் இறந்தனர். ஆட்சியாளரின் அலட்சியம் அந்நாட்டின் அரசியல் வரலாற்றையே மாற்றிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1991 இல் அங்கு ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் இறந்தனர். கரையோரப் புகலிடக் கட்டடங்களும், கிராமந்தோறும் ஒலிபெருக்கியுடன் செல்லும் தொண்டர் அமைப்பும் வளர்ச்சியடைந்த பின், 2007 இன் சித்ர் பேரழிவில் இறந்தோர் தொகை ஆயிரங்களாகவும், 2020 இன் அம்பான் சூறாவளியிற் பத்துக்களாகவும் குறைந்தது. கடலின் வெப்பம் குறையவில்லை; மாறியது மக்களின் ஒழுங்கமைப்பே.

கடலின் வெப்பம் உண்மையில் ஏறிக்கொண்டிருக்கின்றது. வளியின் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதம் கூடுகின்றது. சூறாவளிகளின் எண்ணிக்கை கூடுமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவை தரும் மழை கூடும் என்பதிற் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். வாட்டின் இயந்திரத்திலிருந்து தொடங்கி இரண்டரை நூற்றாண்டுகளாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் திரட்டிய நாடுகளின் கணக்கு, அச்செல்வத்திற் பங்குபெறாத மக்களின் கூரைமீது மழையாகத் தீர்க்கப்படுகின்றது.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிபுகள் சில. சூறாவளி எச்சரிக்கை, காற்றின் வேகத்தோடு எதிர்பார்க்கப்படும் மழையின் அளவையும் அது விழும் நிலத்தின் தன்மையையும் மக்கள் மொழியிற் கூற வேண்டும். காற்றுத் தணிந்தது என்பதை ஆபத்து நீங்கியது என்று பொருள்படும்படி அறிவிக்கலாகாது. வடமராட்சியின் அடைபட்ட வெள்ள வாய்க்கால்களும் மூடப்பட்ட குளங்களும் மீட்கப்படுமாயின், இன்று தாழ்நிலத்து மக்களை மூழ்கடிக்கும் நீர் நாளை அனைவரின் கிணறுகளுக்கும் ஊறும். தாழ்நிலத்தில் வாழ்வோருக்கு மேட்டு நிலத்திற் காணியும் உறுதியான வீடும் பெறுவது நிவாரணம் அன்று, உரிமை. கடலின் வெப்பத்தை முகிலாக்கி மழையாக்கும் நிகழ்வை நாம் தடுக்க முடியாது. அம்மழை யார்மீது எவ்வாறு விழுகின்றது என்பதை மாற்றுவது மனிதரால் இயலும்.